முட்டையில் கறுத்த கண்மலர்

2024 மார்ச் 14, வியாழக்கிழமை. எழுந்ததும் பட்டறை அறையைச் சுத்தம் செய்தேன். முதலில் தூரிகை, பிறகுதான் துடைப்பம். பலகையில் விழுந்திருக்கும் வெள்ளிப்பொடியைத் தட்டில் சேர்த்த பிறகே தரையைக் கூட்ட வேண்டும். தண்ணீர் வாளியை நிரப்பினேன். சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினேன். காஸ் குழாயில் சோப்பு நீர் தடவி, கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பால் சேர்க்காத ஒரு பிளேன்டி குடித்தேன். இந்த வரிசை மாறினால் எனக்கு அன்றைய நாள் முழுவதும் சரிப்பட்டு வராது.

பதுளைக் கடைவீதியில் எங்கள் கடையின் முன்பக்கம் தம்பியுடையது, பின்பக்கம் என்னுடையது. முன்னால் அவன் இந்தியாவிலிருந்து அட்டை அட்டையாக வரும் ஆயத்த நகைகளை விற்கிறான். பின்னால் நான் வெள்ளி வேலை செய்கிறேன். நடுவில் ஒரு திரைச்சீலை. அதற்கு அந்தப் பக்கம் நடக்கும் பேச்சில் பாதியைக் கேட்காமலிருக்கப் பழகிவிட்டேன். கேட்டால் கை நடுங்கும், கை நடுங்கினால் பற்றுவைத்து ஒட்டிய இடம் பிசகும். தம்பியின் பொய்களுக்காக என் வேலை ஏன் கெட வேண்டும்?

அன்று கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வேலை, ஒரு சோடி கண்மலர். கண் நோய்க்காக அம்மனிடம் வேண்டிக்கொண்டவர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் வெள்ளிக் கண்கள், இடது ஒன்று, வலது ஒன்று. கேட்டிருந்தவர் தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண். என் வயதுதான் இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, கொழுந்து எது, முற்றிய இலை எது என்று தெரியாமல் கங்காணியிடம் தினமும் திட்டு வாங்கியவர். வலது கண்ணின் புரையைப் பதுளை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தாகிவிட்டது, பார்வையும் வந்துவிட்டது. இடது கண்ணுக்கு வருகிற திங்கட்கிழமை நாள் கொடுத்திருந்தார்கள். நடுவில் வெள்ளிக்கிழமை அவருடைய தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கண்மலரை அம்மனின் காலடியில் வைக்காமல் இடது கண்ணில் கத்தி பட விடமாட்டேன் என்று வெள்ளியைக் கொடுத்த அன்றே சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி நாளைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அந்த வாலின் நீளம் போய் நின்றவர்களுக்குத் தெரியும்.

காணிக்கை வெள்ளிக்கு எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. கொண்டுவந்தவருடைய வெள்ளியை மட்டுமே உருக்க வேண்டும், வேறு வெள்ளி ஒரு பொட்டும் கலக்கக் கூடாது. உருக்கும் கிண்ணமாகப் புது மூசை. மிஞ்சுகிற துண்டும் அரத்தூளும் பொட்டலமாக அவரிடமே திரும்பிப் போகும். முடிந்த பொருளை யாரும் உடம்பில் வைத்துப் பார்க்கக் கூடாது. அவர் கொடுத்தது திருகு உடைந்த ஒற்றைக் கொலுசு. அதை உருக்கித் தகடாக்கி, அச்சில் வைத்து, மேலே ஈயக் கட்டியை வைத்து அடித்து எடுத்தேன். என் அச்சில் இடது கண்ணின் இமை மயிர் ஒன்று முறிந்திருக்கும். ஆகவே நான் அடிக்கும் இடது கண் எல்லாவற்றிலும் ஒரு மயிர் குறைவு. இதுவரை எந்த அம்மனும் அதைப் பற்றி முறையிட்டதில்லை.

அன்று காலை பொட்டலத்தைப் பிரித்தால் எல்லா மயிரும் இருந்தது.

கையில் எடுத்தேன். மூச்சு பட்டால் பறந்துவிடும் தகடு, மெஷினில் அடித்தது. ஓரத்தில் அட்டையிலிருந்து பிய்த்த பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி வழக்கம்போல எதிர்க்கடையிலிருந்து முட்டை ரொட்டியை மென்றுகொண்டே உள்ளே வந்தான்.

"இது யாரோட கண்ணு?"

"எது அக்கா?"

"பொட்டலத்துல இருக்கிறது."

"அந்தத் தோட்டத்து அம்மாவோடதுதான்."

"நான் அடிச்சது எங்கே?"

மெல்லுவதை நிறுத்தினான். அவன் பொய் சொல்லத் தொடங்குமுன் இப்படித்தான் வாயைக் காலி செய்துகொள்வான்.

"நீங்க பண்டாரவளைக் கலியாணத்துக்குப் போன அன்னைக்கு எல்ல டவுன்லேருந்து ஒரு மேடம் வந்தாங்க. அங்கே வெள்ளி ஸ்டூடியோ வச்சிருக்காங்களே, கண்ணாடிச் சுவரு, அவங்கதான். இந்தக் கண்ணைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்க அக்கா. 'இது ஏன்ஷியன்ட் வேலை'ன்னாங்க. மாதிரிக்கு ரெண்டு நாள் தாங்க, பிடிச்சா நூறு சோடி எடுக்கிறேன்னாங்க."

"காணிக்கைக் கண்ணைக் குடுத்துட்டே."

"பொட்டலம் காலியா இருக்கக் கூடாதேன்னு அட்டையிலேருந்து ஒரு சோடி எடுத்து வச்சேன்ல? தோட்டத்து ஆளுக்கு இதெல்லாம் தெரியப் போகுதா? அம்மனுக்கு ரெண்டும் வெள்ளிதானே."

அம்மன் சார்பில் பேச இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அந்த எல்ல ஸ்டூடியோவுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். எடுத்தான். மறுமுனையில் குரல் தேன் தடவியதுபோல் இருந்தது.

"ஆன்ட்டி, அது இப்ப டிஸ்ப்ளேல இருக்கு. இன்னைக்குக் கொஞ்சம் பையர்ஸ் வர்றாங்க. சண்டே அனுப்பட்டுமா?"

"நாளைக்கு அது கோயிலுக்குப் போகணும்."

"ஓ, சோ பியூட்டிஃபுல்" என்றாள். வாடிக்கையாளர் யாரோ கூப்பிட, தொலைபேசி அணைந்தது.

அடுத்து என்ன செய்வதென்று நான் முடிவெடுக்குமுன் அந்தத் தோட்டத்துப் பெண்மணியே வந்துவிட்டார். மாலையில்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். திருவிழா வேலைக்காகத் தோட்டத்தில் அன்று காலைப் பெரட்டும் கொழுந்து வேலையும் இல்லையாம், காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். மஞ்சள் சேலை, கையில் காப்புக் கயிறு, தலைக்கு ஊற்றிய ஈரம் காயவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேங்க அக்கா. ரெடியா?"

அவருக்குப் பின்னால் தம்பி புருவத்தைத் தூக்கி, மேசைமேல் இருந்த அட்டைக் கண்ணைக் காட்டி, கொடு, கொடு என்று சைகை செய்துகொண்டிருந்தான். இருபது வருடங்களாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம். நான் கொடுப்பேன் என்று அவன் நினைத்ததுதான் எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகவும் ஒழுங்காகவும், அவன் சொன்ன 'தெரியப் போகுதா' என்பதையும் சேர்த்துத்தான்.

அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் மொதலாளி, எனக்கு ஒரு கண்ணுதான் தெரியும்னு நெனச்சீங்களா? அந்த ஒண்ணே நல்லாத் தெரியுதுங்க."

தம்பி கல்லாப்பெட்டியைத் துடைக்கத் தொடங்கினான். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"இப்ப எங்கக்கா இருக்கு?"

"எல்லவிலே."

"அப்பப் போவோம்."

தம்பியைக் கடையில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். ஹாலிஎல தாண்டினோம். பிறகு சன்னலோரமாக, கவ்வாத்து வெட்டி மொட்டையாக நிற்கும் ஒரு மலையைக் காட்டி, "போன வருசம் இதெல்லாம் எனக்கு ஒரே புகைங்க. மழை மூட்டம்னு நெனச்சுக்கிட்டே வேலை செஞ்சேன்" என்றார். இடது கண்ணுக்கு அது இன்னும் புகைதான். பொத்திப் பார்த்துக் காட்டினார். "திங்கக்கிழமை போகணுமேன்னு இருக்கு. ஆனா வாக்குக் குடுத்துட்டு, குடுக்காமப் போய்ப் படுக்க முடியுமா? கட்டில்ல படுத்தா நெஞ்சு அடிக்காதா? அடிச்சா டாக்டர் கை ஆடாதா?" நடுங்கும் கையோடு வேலை செய்யக் கூடாது என்பது எனக்கும் ஒப்புதல்தான்.

எல்ல டவுனைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. ஒருகாலத்தில் பருப்பும் கருவாடும் விற்ற கடைகள் இப்போது தேங்காயை இரண்டாக வெட்டி அதற்குள் பழம் போட்டு விற்கின்றன. எல்லாப் பலகையிலும் ஒன்று 'ஆதி', அல்லது 'இயற்கை'. உண்மையிலேயே ஆதியாக அங்கே இருக்கிற பள்ளத்தாக்கை யாரும் பார்ப்பதில்லை. அதற்கு முதுகைக் காட்டி நின்று தங்களைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்டூடியோ அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருந்தது. நுழைந்ததும் சுவரில் நெருப்பு ஊதும் ஒரு பித்தளை ஊதுகுழல் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கீழே ஆங்கிலத்தில், இங்கே எல்லாம் ஆயிரமாண்டுப் பழைமையான முறையில், மனித மூச்சால் செய்யப்படுகின்றன என்று எழுதியிருந்தது. வாய் வைக்கும் முனையைப் பார்த்தேன். எந்த வாயும் பட்டதில்லை. உள் அறையில் காஸ் அடுப்பின் சீறல் எனக்கு நன்றாகக் கேட்டது. என்னிடம் இருப்பதும் அதே அடுப்புதான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இவர்களுக்கு ஏதோ இருக்கிறது போலும்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மோதிரங்கள், வளையல்கள். எல்லாவற்றிலும் சுத்தியல் அடி. குழி குழியாக, அம்மை விழுந்த முகம்போல. எங்கள் தொழிலில் சுத்தியல் தடம் தெரியாமல் செய்வதற்குத்தான் ஒருவர் வருடக்கணக்கில் உட்காருகிறார். தடம் தெரிந்தால் அது திரும்பவும் நெருப்புக்குப் போகும். இங்கே வழுவழுப்பாக வந்த வளையலை எடுத்து வைத்து, பிறகு வேண்டுமென்றே குழி அடிக்கிறார்கள். கைவேலை என்பதற்கு அத்தாட்சியாம். சமைத்த சோற்றில் கல்லைப் போட்டு, இது வயலிலிருந்து நேரே வந்தது என்று பரிமாறுவதுபோல.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மோதிரத்தில் கடுகைவிடச் சிறிய வெள்ளி மணிகளை வரிசையாக ஒட்டியிருந்தாள். பற்று வழிந்த தடம் ஓரிடத்திலும் இல்லை. ஒவ்வொரு மணியும் அடியில் ஊசிமுனை அளவு மட்டும் ஒட்டி, மேலே முழு உருண்டையாக நின்றது. அதைப் பொய்யாகச் செய்ய முடியாது. பொறுமையும் கண்ணும் உள்ள கை. எனக்கு அந்த வேலை வராது. இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. வேலை தெரியாதவர்கள் கதை விற்றால் பிழைப்பு என்று விட்டுவிடலாம். இவளுக்கு என்ன கேடு?

அவள் வந்தாள். முப்பது வயதிருக்கும். கொழும்புத் தமிழ், பாதி ஆங்கிலம். கழுத்தில் அவளே செய்த சங்கிலி. என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள், நான் கைப்பையை நடுவில் வைத்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, யூ ஆர் தி ஆர்ட்டிஸ்ட்! உங்க கண்ணுதான் இன்னைக்கு ஸ்டார். வந்து பாருங்க."

பார்த்தோம். என் கண்ணுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வெயிலில் சிவந்த ஒரு வெளிநாட்டுப் பெண் கண்ணாடி முன் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். இரு காதிலும் இரண்டு கறுத்த இலைபோல ஏதோ ஆடியது. அருகில் போனபோது இடது பக்கத்தில் ஒரு இமை மயிர் குறைந்திருந்தது.

கண்ணின் ஓரத்தில் துளை போட்டு, கொக்கி மாட்டியிருந்தாள். வெள்ளி முழுவதும் கரிச்சட்டிக் கறுப்பு. மேட்டை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தாள், புதைகுழியிலிருந்து தோண்டியதுபோல. மேசையில் ஒரு சீட்டு இருந்தது. 'மலைநாட்டுப் பழங்குடியின் காவல் கண்' என்ற பொருளில் ஆங்கிலம். எங்கள் கோயில் வாசலில், பொரிகடலைக் கடைக்கும் பலூன்காரனுக்கும் நடுவே அட்டையில் தொங்குகிற பொருள். பழங்குடியாம்.

என்னோடு வந்தவர் நேராக அந்த வெளிநாட்டுப் பெண்ணிடம் போய், முந்தானையை இரு கையாலும் ஏந்தி நின்றார். அந்தப் பெண் கண்ணாடியிலிருந்து திரும்பினாள். மஞ்சள் சேலையைப் பார்த்தாள், கையில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள், ஏந்திய துணியைப் பார்த்தாள். இரண்டையும் கழற்றி முந்தானையில் வைத்துவிட்டு, கையைக் குவித்துவிட்டு வெளியே போய்விட்டாள். அன்று முழுவதும் நான் கண்டவர்களில் புத்தியுள்ளவள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

"எக்ஸ்கியூஸ் மீ, அவங்க வாங்கிறதா இருந்தாங்க!" என்றாள் ஸ்டூடியோக்காரி.

"அது விக்கிற பொருள் இல்லை. இவங்க அம்மனுக்குக் குடுக்கிற காணிக்கை. காலையிலே சொன்னேனே."

"உங்க தம்பி டிசைன் சாம்பிள்னுதான் சொன்னார் ஆன்ட்டி. காணிக்கைன்னு ஒரு வேர்ட் சொல்லலை. ஐ ஸ்வேர்."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். அவள்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியை எடுத்துப் பதுளைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மீதிப் பாதி போதுமானதாக இருந்தது.

"ஏன் கறுப்பாக்கினே? கந்தகமா?"

அவள் முகம் மலர்ந்தது. கேட்பதற்காகவே காத்திருந்ததுபோல.

"நோ, நோ, நான் கெமிக்கல் ஒண்ணுமே யூஸ் பண்றதில்லை. ஃபுல்லி நேச்சுரல். பழைய மெத்தட் ஆன்ட்டி! அவிச்ச முட்டையை மசிச்சு, டப்பாவுக்குள்ள வெள்ளியோட சேத்து மூடி வச்சா ஒரே நாள்ல இந்த பாட்டினா வந்துரும்."

நான் தரையைப் பார்த்தேன். முந்தானையை ஏந்தியவர் என்னைப் பார்த்தார்.

"என்னக்கா சொல்றாங்க? முட்டையா?"

"முட்டைதான்."

"கோழி முட்டையா?"

"ஃப்ரீ ரேஞ்ச்" என்றாள் அவள், ஆறுதல் சொல்வதுபோல.

காப்புக் கட்டிய நாளிலிருந்து முட்டையும் மீனும் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. பக்கத்து லயத்து வீட்டில் கருவாடு வறுத்தால்கூடக் கதவைச் சாத்திக்கொண்டவர். அம்மனுக்குப் போக வேண்டிய கண்ணை இவள் ஒரு இரவும் பகலும் முட்டையோடு டப்பாவில் போட்டு மூடியிருக்கிறாள். இந்தத் தீவில் எத்தனையோ முட்டாள்தனங்களைப் பார்த்திருக்கிறேன். பொறுமையோடும் திறமையோடும் செய்த முட்டாள்தனம் இது ஒன்றுதான்.

விஷயம் புரிந்ததும் அவள் நிஜமாகவே கலங்கினாள், அதையும் சொல்ல வேண்டும். உள்ளே ஓடிப்போய் ஒரு பொதியை எடுத்துவந்தாள். சுத்த வெள்ளி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. "நானே புதுசா ரெண்டு கண் செஞ்சு தர்றேன். ப்ளீஸ். இன்னைக்கே. இதைவிடப் பியூர்."

"உங்க வெள்ளி சுத்தந்தாம்மா" என்றார் அவர். "ஆனா அது கால்ல கெடந்து மலை ஏறுன வெள்ளி இல்லையே. நான் அம்மனுக்குச் சொன்னது என் கொலுசைங்க."

பிறகு கண்ணின் ஓரத்துத் துளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டாக்டர் ஊசி போடுறதுக்கு முன்னாடி இவங்க போட்டுட்டாங்க பாருங்கக்கா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படியிறங்கும்போது அவள் பின்னால் வந்து மெதுவாகக் கேட்டாள். "ஆன்ட்டி, அந்த நூறு சோடி... அது வேற சில்வர்ல செய்யலாம்தானே?"

"ஒரு மயிர் குறையும்" என்றேன். புரியாமல் நின்றாள். நின்றுகொண்டிருக்கட்டும்.

திரும்பும் பஸ்ஸில் அவர் சேலை முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பூசாரிக்குத் தொலைபேசி எடுத்தார். பஸ் வளைவில் ஏறும் சத்தத்துக்கு மேலே பேச வேண்டும் என்பதால் முழு பஸ்ஸும் கேட்டது.

"சாமி, நான்தாங்க, மேல் லயத்து... ஆமாங்க. கண்மலர்ல முட்டை பட்டுருச்சுங்க... முட்டைங்க, முட்டை!... நான் சாப்பிடலைங்க! கண்ணுல பட்டுச்சு... என் கண்ணுல இல்லைங்க, அம்மன் கண்ணுல!"

முன் இருக்கைக்காரர் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். பூசாரியின் குரலும் வெளியே தெளிவாகக் கேட்டது.

"அவிச்சதா, பச்சையா?"

"அவிச்சதுன்னாங்க."

"பச்சைன்னா கஷ்டம்" என்றார் பூசாரி. ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. "உருக்கிறாங்கல்ல? நெருப்பைப் பாத்துட்டா எல்லாம் போயிரும்."

"காஸ் நெருப்பு சரி வராதுன்னு சொல்லுங்க, கரி போடணும்" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார்.

"எந்த நெருப்பானா என்ன, பெரியவரே, நீங்க டீ குடிக்கிறது எந்த நெருப்புல?" என்றார் ஒரு பெண்.

"நெருப்பு நெருப்புதான்" என்று பூசாரி தீர்ப்பளித்தார். "ஆனா ஒண்ணு. நீ பக்கத்துல நின்னு பாக்கணும். பழைய கண்ணு கரைஞ்சு போறதை உன் கண்ணால பாக்கணும். அந்த எடத்துல இருக்கிறவங்க எல்லாரும் தலைக்கு ஊத்தி, சுத்தமா இருக்கணும். முட்டை தின்ன வாய் அந்தப் பக்கம் வரப்படாது. கரகம் எறங்க முன்னாடி கொண்டாந்துரு."

பயணச்சீட்டுக் கிழிக்க வந்த கொண்டக்டர், "இந்த முட்டைக்கு டிக்கட் உண்டா அக்கா?" என்றார். பஸ் சிரித்தது. என்னோடு வந்தவரும் சிரித்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவிச்சதா பச்சையா என்று கேட்டவரின் ஒரு வார்த்தையில் ஒரு பெண்ணின் இடது கண் தொங்குகிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சரியென்று சொல்லிவிட்டதில் எனக்கு உள்ளே ஏதோ தளர்ந்ததும் உண்மை. இரண்டையும் அன்றிரவு நாட்குறிப்பில் அடுத்தடுத்த வரியில் எழுதிவைத்தேன்.

தெமோதரையில் இறங்குமுன் அவர் முடிச்சை அவிழ்த்துக் கண்கள் இரண்டையும் என் கைக்குட்டையில் வைத்தார்.

"உங்க தம்பிக்கிட்ட குடுத்துராதீங்க."

"குடுக்கமாட்டேன்."

"காலையில முதல் பஸ்ஸுக்கு வந்துர்றேன். வர்றதுக்கு முன்னாடி உருக்கிறாதீங்கக்கா. பாக்கணும்ல." வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "இது ஒண்ணு போதும்."

கடைக்குத் திரும்பியபோது தம்பி கேட்ட முதல் கேள்வி, "நூறு சோடி என்னாச்சு?" என்பது. நேரே பட்டறைக்குப் போனேன். கொக்கிகளைக் கழற்றித் தனியே வைத்தேன். அவை அவளுடைய வெள்ளி, கலக்கக் கூடாது. புது மூசை ஒன்றை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன். உருக்கும்போது தூவும் வெண்காரம் ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு கைக்குட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்து தலைக்கு ஊற்றினேன். வழக்கத்துக்கு மாறாகத் தூரிகையைத் தொடவில்லை. முதல் வேலையாகக் கடையின் முன்கதவைத் தாழிட்டு, எதிர்க்கடையிலிருந்து முட்டை ரொட்டிப் பொட்டலத்தோடு வந்த தம்பியை வாசலிலேயே நிறுத்தினேன். "இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நீ உள்ளே வராதே" என்றேன். அவன் படியில் உட்கார்ந்து தின்றான். முதல் பஸ் வந்தது. அவர் அவனைச் சுற்றிக்கொண்டு, சேலை அவன்மேல் படாமல் உள்ளே வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். நெருப்பை ஏற்றினேன். மூசை சிவந்ததும் கைக்குட்டையைப் பிரித்தேன்.

"எடதை முதல்ல போடுங்க" என்றார்.

இடது கண்ணை முதலில் போட்டேன்.